குல்மார்க் பனியில் என் இரண்டு ஜோடிப் பலகைகள்

தேங்காப்பட்டணத்தில் முப்பத்தொன்பது வள்ளம் கட்டி நீரில் இறக்கியவன் நான். எனக்கு எட்டு வயதில் வாப்பா மவுத்தானார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மரம். குழித்துறை ஆற்றங்கரையில் மரக்கடை வைத்தேன். முதல் வருஷ வெள்ளத்தில் அடுக்கி வைத்த தடியெல்லாம் ஆற்றோடு போயிற்று. கரையோடு ஓடி, ஆறு கடலில் சேருகிற இடத்தில் கழுத்தளவு நீரில் நின்று பாதித் தடியை மீட்டேன். அதே இடத்தில் அதே கடையை மறுபடியும் வைத்தேன். நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைக் காலோடு வந்த மீன்காரர் ஒருவருக்கு மரக்கால் செய்து கொடுத்தேன். அந்தக் காலோடு அவர் இன்றும் கட்டுமரம் ஏறுகிறார். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போகிற வழியில், ஓடைக்குக் குறுக்கே நான் போட்ட மரப்பாலம் இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் போட்ட பாலம், நாலு நாள் தாங்காது என்றார்கள். பன்னிரண்டு கொடை பார்த்துவிட்டது.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பனியைக் கண்ணால் கண்டிராத ஒருவன் பனியில் சறுக்குகிற பலகை செய்தான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். செய்தேன். இரண்டு ஜோடி. அவற்றோடு காஷ்மீரம் வரை போய்வந்தேன். அங்கே கண்டதில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காததையும் விளங்காதபடியே எழுதுகிறேன்.

கொல்லம் ஆண்டு 1111, இங்கிலீஷ் கணக்கில் 1935, ஐப்பசி மாதம். கீரிப்பாறைக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் என் கடைக்குக் காரில் வந்தார். கூடவே அவருடைய பட்லர் ஞானமுத்து. நெய்யூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், என் வயதுக்காரர், எனக்குப் பழைய பழக்கம். துரையின் இங்கிலீஷை நம் பேச்சாக்கித் தருவது அவர் வேலை. காரின் மேலிருந்து இரண்டு நீளப் பலகைகளை இறக்கி என் முன்னால் போட்டார்கள். இரண்டுக்கும் பெயர் ஸ்கீ. குல்மார்க் என்ற மலையில் வெள்ளைக்காரர்கள் இதைக் காலில் கட்டிக்கொண்டு பனியில் போவார்களாம். சீமையிலிருந்து வந்தது ஒடிந்துபோனால் வேறு வர ஆறு மாதம் ஆகிறது, இதை நம் மரத்தில் செய்ய ஆகுமா என்று துரை கேட்டார்.

"ஆகும்" என்றேன். ஆகாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ரெண்டு ஜோடி வேணுமாம் ஓய்" என்றார் ஞானமுத்து. "ஒண்ணு நம்ம தொரைக்கு. இன்னொண்ணு அவருக்க கூட்டாளி, நார்வே நாட்டுத் தொரைக்கு. ரெண்டும் ரெண்டு மாதிரியாக்கும்."

"ரெண்டு மாதிரின்னா?"

ஞானமுத்து கேட்டார். துரை இரண்டு கையையும் ஆட்டி நெடுநேரம் பேசினார். எல்லாம் கேட்டுவிட்டு ஞானமுத்து என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கீழ போவதுக்கு. மத்தது போவதுக்கு."

"எங்க போவதுக்கு?"

"சும்ம போவதுக்குத்தான் ஓய். எனக்கும் அவ்வளவுதான் மனசிலாச்சு."

அவர்கள் போன பிறகு இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கனமானது, அகலமானது. இரண்டு ஓரத்திலும் உருக்குப் பட்டை திருகியிருந்தது. கால் வைக்கிற இடத்தில் விரலுக்கும் குதிகாலுக்கும் பிடி இருந்தது. மற்றது மெலிந்தது, ஓரத்தில் பட்டை இல்லை, குதிகாலுக்கு வாரும் இல்லை. தரையில் வைத்தால் நடுப்பகுதி தரையைத் தொடாமல் வில்போல மேலே நின்றது. நாற்பது வருஷம் மரத்தோடு கிடந்தவன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? இரண்டும் ஒரே ஜாதிப் பலகைதான், இரண்டாவது பழசு, தேய்ந்து மெலிந்திருக்கிறது, மழையில் நனைந்து வளைந்திருக்கிறது, பட்டையும் வாரும் எங்கேயோ தொலைந்திருக்கிறது. அப்படித்தான் நான் நினைத்தேன். கெட்டுப்போன பலகையைப் பார்த்துக் கெட்ட பலகை செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஜோடியையும் நல்ல பலகையின் அளவிலேயே செய்தேன்.

மரம் சடச்சி. வண்டிக்கு ஏர்க்காலும் சுமைக்காரருக்குக் காவுதண்டும் செய்கிற மரம், வளையும், ஒடியாது. நெல் அவிக்கிற செம்பு அண்டாவில் நுனியை வேகவைத்து மேல்நோக்கி வளைத்தேன். பழைய அறுப்புவாளைக் கீறி ஓரப் பட்டை போட்டேன். அடிப்பாகத்துக்கு, வள்ளத்துக்குப் பூசுவதுபோலச் சுறா எண்ணெய் மூன்று பூச்சு. கடைசியாக, நான் கட்டிய ஒவ்வொரு வள்ளத்திலும் சுட்டிருக்கிற முத்திரையை நான்கு பலகையின் மூக்கிலும் சுட்டேன். ஒரு நங்கூரம், அதன் கீழே 'சை'. என் பெயர் சைதலி.

துரை முத்திரையைப் பார்த்தார். குல்மார்க்கில் ஸ்கீக்காரர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறதாம். அதன் சுவரில் பல நாட்டுக்காரர் செய்த பலகைகள், செய்தவர் முத்திரையோடு தொங்குகின்றனவாம். இந்த நாட்டான் செய்தது ஒன்றுகூடக் கிடையாது.

"ரெண்டு ஜோடியும் தேறினா அந்தச் செவுத்துல ஒமக்க முத்திரையோட தொங்குமாம்" என்றார் ஞானமுத்து. "தேறல்லன்னா, தொரையே கையால முத்திரையச் சீவித் தள்ளிட்டு அடுப்புல வைப்பாராம். சம்மதமான்னு கேக்காரு."

"சம்மதம். நானும் கூட வாறேன். சீவணும்னா என் கண்ணு முன்னால சீவட்டும்."

தை 24, வியாழன். காலை ஐந்து மணிக்குத் தேங்காப்பட்டணத்திலிருந்து மாட்டுவண்டி. எட்டு மைலில் குழித்துறை. அங்கிருந்து பஸ்ஸில் நாகர்கோவில். இரண்டு ஜோடியையும் ஒரே கட்டாகத் தாழை ஓலையில் முடைந்த கைதைப் பாயில் சுருட்டி, எங்கள் ஊர்க் கயிற்றால் தலை முதல் கால் வரை வரிந்து கட்டியிருந்தேன். ஏழடி நீளம். நாகர்கோவிலில் திருநெல்வேலி பஸ் கண்டக்டர் அதைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

"மூப்பரே, மய்யத்தெல்லாம் ஏத்த மாட்டோம். பொணத்துக்கு வேற வண்டி பாரும்."

"மய்யத்தில்ல, பலகை."

"பலகைக்கு எதுக்குப் பாயி? நாத்தம் வேற அடிக்கி."

"அது சுறா எண்ணெய் ஓய்" என்றேன். ஞானமுத்து பக்கத்தில் நின்று, "ஆளு நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். பாயை அவிழ்த்துக் காட்டிய பிறகுதான் கூரைமேல் ஏற்றினார்கள். எனக்கு ஒன்றே கால் ரூபாய், பலகைக்கு ஆறணா. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் மேலே கட்டு உருளுகிற சத்தம் திருநெல்வேலி வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

அங்கிருந்து ரயிலில் துரை முதல் வகுப்பு, நாங்கள் மூன்றாம் வகுப்பு. மறுநாள் சென்னை. சென்னையிலிருந்து டில்லிக்கு இரண்டு இரவும் மூன்று பகலும். வழியில் ஏறியவர்கள் ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாமல், எல்லோரும் என் கட்டைக் காட்டி என்னவோ கேட்டார்கள். முதல் நாள் "பலகை" என்றேன். இரண்டாம் நாள் தலையை மட்டும் ஆட்டினேன். மூன்றாம் நாள் ஒரு வயசாளி கட்டைப் பார்த்துக் கையேந்தி துஆ ஓதிவிட்டு இறங்கினார். தடுத்துச் சொல்ல அவர் பேச்சு எனக்குத் தெரியாது. நானும் ஆமீன் சொல்லிவிட்டேன்.

தை 29, செவ்வாய். ராவல்பிண்டி. தண்டவாளம் வழியாக ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு மைல் என்றார் ஞானமுத்து. தலைக்குத் தேய்க்கத் தேங்காயெண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தேன்; ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளைக் கல்லாக உறைந்து கிடந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துத் தேய்த்தேன். மரி மலை வழியைப் பனி மூடிவிட்டதால் ஸ்ரீநகர் போகிற லாரி அபோட்டாபாத் வழியாகப் போயிற்று. அங்கேயும் மேலே கணவாயைப் பனி அடைத்திருந்தது, மூன்று நாள் காத்துக் கிடந்தோம். இருக்கைக்கு ஆறு ரூபாய். டிரைவர் பட்டாணியர், என்னைக் கண்டதும் சலாம் சொன்னார், நானும் சொன்னேன், அதோடு எங்கள் இருவருக்கும் பொதுவான பேச்சு தீர்ந்துவிட்டது. பள்ளத்தாக்கில் ஜீலம் ஆறு இரைந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்கென்று தெரியாது.

பாராமுல்லாவைத் தாண்டித்தான் பனியைக் கையால் தொட்டேன். தூரத்திலிருந்து பார்க்கப் எங்கள் பக்கத்துப் புத்தளம் உப்பளம் மாதிரியே இருந்தது. ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பில்லை. இவ்வளவு வெள்ளையாக இருந்துகொண்டு ருசியே இல்லாதது எனக்குச் சம்மதமாகப்படவில்லை.

மாசி 6, செவ்வாய். ஸ்ரீநகரிலிருந்து இருபத்து நாலு மைல் தங்மார்க் என்ற சிற்றூர். அதோடு சக்கரத்துக்கு வழி முடிந்தது. அங்கிருந்து குல்மார்க் மூன்றரை மைல், நின்று பார்த்தால் கழுத்து வலிக்கிற ஏற்றம். கட்டைத் தூக்க சுபான் என்ற காஷ்மீரக் குதிரைக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒன்றே கால் ரூபாய் கூலி. நீண்ட கம்பளி அங்கிக்குள்ளே வயிற்றோடு அணைத்து ஒரு சட்டியில் தீக்கங்கு வைத்திருந்தார். மனிதன் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்து நான் பதறினேன். அவர் என் வேட்டியைப் பார்த்துப் பதறினார். துரை எனக்கு ஒரு கம்பளிக் கால்சட்டை கொடுத்தார். அதைப் போட்டு, அதன்மேல் வேட்டியையும் கட்டிக்கொண்டேன்.

"அது எதுக்கு ஓய் அதுக்கு மேல?" என்றார் ஞானமுத்து.

"கால்சட்டை குளிருக்கு. வேட்டி எனக்கு."

சுறா எண்ணெய் வாசனைக்குத் தங்மார்க்கிலிருந்து ஒரு கறுப்பு நாய் குதிரைக்குப் பின்னாலேயே வந்தது. எவ்வளவு விரட்டியும் போகவில்லை. நான் பத்து அடிக்கு ஒரு தரம் வழுக்கி விழுந்தேன். கடலில் நிற்கிற கால் பனியில் நிற்கவில்லை.

மாசி 8, வியாழன், காலை பத்து மணி. குல்மார்க் ஒரு கிண்ணம் மாதிரி. நடுவில் மைதானம், சுற்றிலும் தேவதாரு, அதற்கு மேலே வெள்ளை மலை. கிளப் ஆட்கள் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். எஸ்டேட் துரை என் முதல் ஜோடியைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். ஒன்றரை மணி நேரம் ஏறினார். புள்ளியாகத் தெரிந்தார். பிறகு பலகையைக் காலில் பூட்டி, முழங்காலை மடக்கிக் கீழே விட்டார். அல்லாவே! இடது பக்கம் சாய்கிறார், உருக்கு ஓரம் பனியைச் சீவுகிறது, வலது பக்கம் திரும்புகிறார், மறுபடியும் சீவுகிறது. என் பலகை இழைப்புளி மாதிரி மலையை இழைத்துக்கொண்டு வந்தது. நாலு நிமிஷத்தில் எங்கள் முன்னால் பனியை வாரி அடித்து நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குப் பெருமை ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். "ஒன்றரை மணிக்கூர் ஏறினது இதுக்காக்கும்?" என்று கேட்டேன்.

"இதுக்குத்தான். இனி மறுபடியும் ஏறுவாரு."

"கீழ வரணும்னா மேலயே போகாம இருந்தா போராதா ஓய்?"

"சும்ம இரும். கேட்டுட்டா ஒம்ம முத்திரைய இப்பமே சீவிருவாரு."

அடுத்து நார்வே துரை. தென்னை ஈர்க்கில் மாதிரி ஒல்லி, நெடுப்பம். இரண்டு கையிலும் அக்குள்வரை வருகிற நீளக் கோல். அவர் மேட்டுப் பக்கம் போகவில்லை. சமதளத்தில் நின்று, தூரத்துத் தேவதாருக் காட்டைக் காட்டினார். காட்டுக்குள் புகுந்து, கிலன்மார்க் என்ற மேட்டுப் புல்வெளிக்கு ஏறி, சுற்றிக்கொண்டு திரும்புவாராம்; போகவர ஏழெட்டு மைல். ஒரு காலை முன்னால் தள்ளினார். குதிகாலைத் தூக்கப் பார்த்தார், என் வார் விடவில்லை. மற்றக் காலை ஊன்றி உந்தினார். ஊன்றிய பலகை பின்னால் ஓடியது. மறுபடி உந்தினார். முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு முழம். சின்ன ஏற்றம் வந்ததும் முகம் எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி வழுக்கி வந்து, மல்லாந்து விழுந்தார். நாய் ஓடிப்போய்ப் பலகையின் அடியை நக்கத் தொடங்கியது.

பதினைந்து பேரும் சிரித்தார்கள். மேட்டிலிருந்து எனக்கு மூன்றாள் உயரப் பெருமையைக் கொண்டுவந்து இறக்கிய என் பலகை, சமதளத்தில் என்னைக் கவிழ்த்துவிட்டது.

நார்வே துரை எழுந்து வந்து, கோபப்படாமல், பனியில் கோலால் படம் போட்டு எனக்குச் சொன்னார்; ஞானமுத்து மொழிபெயர்த்தார். இறங்குகிறவனுக்குப் பலகை வழுக்கினால் போதும். மலையே அவனைத் தள்ளும். அதனால் பலகை கனமாக வேண்டும், திரும்ப உருக்கு ஓரம் வேண்டும், காலும் பலகையும் ஒன்றாக இருக்கக் குதிகாலைக் கட்ட வேண்டும். நடந்து போகிறவனைத் தள்ள ஆள் இல்லை. அவன் நடப்பதுபோலக் குதிகாலைத் தூக்க வேண்டும், அதனால் வார் கூடாது. பலகை மெலிசாக வேண்டும். நடு, வில்போல மேலே நிற்க வேண்டும். பாரத்தை வைத்து மிதித்தால் நடுப்பகுதி பனியைப் பிடிக்கும். காலை எடுத்தால் நடு மேலே எழும்பும், இரண்டு நுனியும் வழுக்கும். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும், ஒரே பலகை.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் கெட்டுப்போனது என்று ஒதுக்கின பலகை கெட்டதே இல்லை. மழை வளைத்ததாக நான் நினைத்த வளைவை ஒரு ஆசாரி வேலைமெனக்கெட்டு வளைத்திருக்கிறான். ஆனாலும் குழப்பம் போகவில்லை. இரண்டும் இரண்டு வேலை என்றால் இரண்டுக்கும் ஒரே பெயர் எதற்கு? கட்டுமரத்தையும் கால்வாய் வள்ளத்தையும் நாங்கள் ஒரே பெயரிலா கூப்பிடுகிறோம்?

எஸ்டேட் துரை, முத்திரையைச் சீவ, கருவிப் பையிலிருந்த என் இழைப்புளியைக் கேட்டு வாங்கினார்.

"ஓய், இவருகிட்ட சொல்லும்" என்றேன். "சனியாழ்ச்ச ரெண்டு மணி வரைக்கும் டயம் வேணும். அதுக்குள்ள நார்வே தொரை நடந்து காட்டுவாரு. நடக்கல்லன்னா நானே சீவுவேன்."

"எப்பிடி நடக்க வைப்பீரு? இங்க சடச்சிமரம் முளைச்சா கிடக்கு?"

"எப்பிடின்னு அறிஞ்சிருந்தா டயம் எதுக்கு ஓய் கேக்கேன்?"

துரை இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் தலையை அசைத்தார்.

அன்று மிச்சப் பகல் முழுவதும் பலகையைத் தீயில் காட்டி வில் எடுக்கப் பார்த்தேன். சூடு ஆறியதும் நிமிர்ந்துகொண்டது. அவ்வளவு நேராக இழைத்திருந்தேன்.

மாசி 9, வெள்ளி. என்ன நடந்தாலும் ஜும்ஆ ஜும்ஆதான். சுபானோடு தங்மார்க் பள்ளிவாசலுக்கு இறங்கினேன். நான் ஏழு தரம் விழுந்தேன். சுபான் ஒரு தரமும் விழவில்லை. இவன் மலைக்காரன், பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தொழுகை முடிந்து வெளியே வந்து என் செருப்பைத் தேடினேன். பள்ளியின் முன்னால் வரிசை வரிசையாகக் கிடந்த செருப்பெல்லாம் வைக்கோலைக் கயிறாகத் திரித்துப் பின்னியது. ஒன்றைத் திருப்பி அடியைப் பார்த்தேன். கயிற்று முறுக்கு குறுக்காக ஓடியிருந்தது. முறுக்குக்கு முறுக்கு இடையில் பனி அப்பியிருந்தது. சுபானின் செருப்பை வாங்கி என் காலில் மாட்டி, பள்ளிக்கு முன்னால் இருந்த சரிவில் ஏறினேன். வழுக்கவில்லை. இறங்கினேன். மறுபடி ஏறினேன். தொழுதுவிட்டு வந்த ஜமாஅத் முழுவதும் நின்று பார்த்தது. ஒரு பெரியவர் என்னவோ கேட்டார். சுபான் தன் தலையைத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னார். என் தலையைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருக்கமாட்டார்.

வைக்கோல் கயிறு இவ்வளவு பிடித்தால், ஆறு மாதம் காயலில் ஊறிய தேங்காய்த் தொண்டின் நாரில் திரித்த எங்கள் ஊர்க் கயிறு என்ன பிடிக்கும்! பாயைச் சுற்றிக் கட்டிய கயிறு அறையில் கிடந்தது.

மாசி 10, சனி. காலையிலேயே குதிகால் வாரை அறுத்தேன். உருக்குப் பட்டையின் திருகாணிகளைக் கழற்றினேன். சுறா எண்ணெயை நடுவில் மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். பிறகு, கால் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே, ஒன்றரைச் சாண் நீளத்துக்கு, கட்டுமரத் தடிகளைச் சேர்த்து வரிகிற அதே கட்டு முறையில் கயிற்றைச் சரிவாகச் சுற்றினேன். நாரின் சிலிர்ப்பு பின்பக்கம் பார்த்திருக்கும்படி வைத்தேன். முன்னால் போனால் படியும், பின்னால் வந்தால் குத்தும். முடிச்செல்லாம் மேலே. சுபான் பலகையை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஞானமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். "ஓய் சாயிபே, இது ஸ்கீயா? பனையேறிக்க கால்தளையா?"

"தொரை ஏறணும், அவ்வளவுதான. பேரு பிறவு வைக்கலாம்."

இரண்டு மணி. அதே பதினைந்து பேர். எஸ்டேட் துரையின் கையில் அதே இழைப்புளி. நார்வே துரை கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் பலகையைப் பூட்டினார். ஒரு காலைத் தள்ளினார். மற்றதை மிதித்து உந்தினார். பலகை நின்றது. உந்தினார், போனார். குதிகால் எழுகிறது, படிகிறது, எழுகிறது. சின்ன ஏற்றம் வந்தது. நேராக ஏறினார். காட்டுக்குள் நுழைந்து மறைந்தார்.

அதற்குப் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதுதான் இந்த இரண்டாவது ஸ்கீயின் விசேஷம். இறங்குகிறவரை ஊரே நின்று பார்க்கலாம். நடந்து போகிறவர் போய்விடுகிறார். நாம் வெறும் காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. விழுந்து கிடக்கிறாரோ, கயிறு அவிழ்ந்ததோ என்று எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். துரை இழைப்புளியின் நாக்கை விரலால் தடவிக்கொண்டே நின்றார். நாலரை மணிக்குக் காட்டின் வேறொரு மூலையிலிருந்து ஒல்லியாக ஒரு உருவம் வந்தது. முதலில் கண்டது நாய்.

நார்வே துரையின் மீசையில் பனி உறைந்திருந்தது. அவர் சொன்னதை ஞானமுத்து அப்படியே சொன்னார்: "பலகை கனமாம். இறங்கும்போ கயிறு பிடிச்சு இழுக்குதாம், பாதி வழியில அவுத்துக்கிட்டாராம். அவங்க ஊர்ல கடல்நாயிக்கத் தோல அடியில கட்டுவாங்களாம், அதும் இதுமாதிரிப் பிடிக்குமாம். ஆனா ஏறினேன், எங்கயும் பின்னால வரல்லன்னு சொல்லுதாரு ஓய்!" கடைசி வார்த்தையைச் சொல்லும்போது ஞானமுத்து என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

எஸ்டேட் துரை இழைப்புளியை என் கையில் கொடுத்தார். கயிற்றை மறுபடி சுற்றிக் கொடுத்தேன்; அன்று சாயந்தரமே இரண்டு ஜோடியும் கிளப் சுவரில் ஏறின. எட்டடி உயரம். நங்கூரமும் 'சை'யும் நான் நின்ற இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. நான் நின்ற இடம் வாசலுக்கு வெளியே. உள்ளே என்னை விடவில்லை. ஜன்னல் பெரியது.

மாசி 12, திங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் சேர வேண்டும் என்று நான் மட்டும் முதலில் கிளம்பினேன். மிச்சமிருந்த கயிற்றைச் சுபானுக்குக் கொடுத்தேன்; அவர் எனக்கு ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு தந்தார். நாய் தங்மார்க்கில் நின்றுகொண்டது. கட்டு இல்லாத என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

திரும்பி வந்த ரயிலில் எல்லாம் இதையே யோசித்தேன். எங்கள் கடற்கரையில் கட்டுமரம் அலையின் முதுகில் ஏறிக் கரைக்குப் பாய்கிறதே, அது எஸ்டேட் துரையின் ஸ்கீ. அலை தள்ளும், ஆள் சாய்ந்து திருப்பினால் போதும். கால்வாயில் கழுக்கோலை ஊன்றி ஊன்றிக் கொப்பரையும் கயிறும் ஏற்றிய வள்ளத்தைத் திருவனந்தபுரம் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார்களே, அது நார்வே துரையின் ஸ்கீ. தள்ள வேறு ஆள் இல்லை. இவ்வளவு விளங்கிற்று. விளங்காதது இது: கீழே வருகிறவர் ஏன் மேலே போனார்? சுற்றி வருகிறவர் புறப்பட்ட இடத்துக்கே வரத்தான் போனாரென்றால் ஏன் புறப்பட்டார்? எங்கள் கட்டுமரத்தில் மீன் வரும், வள்ளத்தில் சரக்கு போகும். அவர்கள் இருவர் கையிலும் ஒன்றும் இல்லை, முகத்தில் மட்டும் அவ்வளவு சந்தோஷம். குழித்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, புறப்பட்ட இடத்திலேயே நான் வெறுங்கையோடு நிற்பது தெரிந்தது. கடைக்காரர்கள் எதற்கு இப்படிச் சிரிக்கிறேன் என்று கேட்டார்கள்.

இதோடு முடித்திருப்பேன். மறுவருஷம் துரையோடு குல்மார்க் போய் வந்த ஞானமுத்து, பங்குனியில் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"செவுத்துல இருக்கா ஓய்?" என்றேன்.

"இருக்கு. கீழ போறதுல ஒமக்க நங்கூரம் நல்லாத் தெரியுது. மத்தது..." வாசல் பக்கம் பார்த்தார். "மத்ததுல ஒரு பித்தளைத் தகடு அடிச்சிருக்கு. மலைவாசிகள் பழக்கத்தைப் பார்த்து நம்ம தொரை கண்டுபிடிச்ச கயித்துப் பலகைன்னு எழுதியிருக்கு. தகட்ட எங்க அடிச்சிருக்கு தெரியுமா? ஒம்ம முத்திரைக்க நேரே மேல."

சீவியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சீவுவதற்கு நான் சம்மதம் சொல்லியிருந்தேன். மூடுவதற்குச் சொல்லவில்லை.

ஆகையால் கிளப்பை நடத்துகிறவர்களுக்கும், இதைப் படித்து அவர்களிடம் சொல்லக்கூடியவர்களுக்கும் நான் கேட்பது இதுதான். முதலில் செய்த தப்பு என்னுடையது; அதை மறைக்காமல் மேலே எழுதியிருக்கிறேன். செருப்பு சுபானுடையது, அவர் பெயரையும் எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, இரண்டாவதாக எழுதுங்கள். கயிறு தேங்காப்பட்டணத்துக் கயிறு. கட்டு கட்டுமரக் கட்டு. அறுத்த கை, சுரண்டிய கை, சுற்றிய கை என் கை. துரை பிடித்திருந்தது இழைப்புளி. தகட்டைக் கழற்ற வேண்டாம். துரைக்கும் மானம் உண்டு. இரண்டு அங்குலம் மேலே தள்ளி அடியுங்கள், அது போதும். பழைய ஆணித் துளைகளை அடைக்கச் சடச்சி மரத்தூளும் பசையும் ஒரு டப்பாவில் அடைத்து ஞானமுத்து வசம் கொடுத்திருக்கிறேன். அவர் இந்தத் தையில் மறுபடியும் அங்கே வருகிறார்.